கோட்டையின் உயிர் எங்கே இருக்கிறது?

நாமக்கல்லுக்கு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஊரன்று; மலைதான். மலை என்று பெயரே தவிர, அது ஒரே பாறை. சமவெளியின் நடுவே யாரோ கொண்டுவந்து கவிழ்த்து வைத்ததுபோல 200 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியைச் சுற்றித் தலைப்பாகை கட்டியதுபோல ஒரு கல் மதில். அதுதான் நாமக்கல் கோட்டை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு அந்தப் பாறையில் ஏறினேன். பாறையிலேயே வெட்டிய குறுகிய படிகள். மேலே சென்றதும் ஆசிரியர் வரலாறு சொன்னார். எந்த அரசர் கட்டினார், யார் யார் கைக்கு மாறியது என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “ஏனுங்க சார், இத்தன பேரு மேல இருந்தாங்கன்னா, குடிக்கத் தண்ணிக்கு என்னங்க பண்ணியிருப்பாங்க?”

ஆசிரியர் சிரித்தார். “கீழேதான் குளம் இருக்குதே, எடுத்துட்டு வந்திருப்பாங்க” என்றார். எல்லோரும் கீழே இறங்கினோம்.

அன்று கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்பது என் எண்ணம். அதற்குக் கிடைத்த விடை தவறு என்பதும் என் எண்ணம். நாம் கோட்டைகளைத் தவறான பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம். மதிலையும் வாயிலையும் பீரங்கி மேடையையும் பார்க்கிறோம், சுனையைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு மலைக்கோட்டையின் உயிர் மதிலில் இல்லை, சுனையில் இருக்கிறது. இடிந்துவரும் கோட்டைகளைக் காக்க வேண்டுமானாலும் சுனையிலிருந்தும் நீர்வழிகளிலிருந்தும்தான் தொடங்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு மலைகள், ஒரு வரலாறு

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல் பாறையின் இரு பக்கங்களிலும் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன. அவை அதியர் குலத்தவர் காலத்தவை. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உச்சியில் உள்ள கோட்டை அவற்றுக்குப் பல நூறு ஆண்டுகள் பிந்தியது. நாயக்கர் காலத்தில் ராமச்சந்திர நாயக்கர் கட்டியதாகச் சொல்வர்.

நாமக்கல்லுக்கு வடமேற்கே, சேலம் மாவட்டத்தில் இருக்கிறது சங்ககிரி. இது தனிப் பாறையன்று, பெரிய மலை. உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,300 அடிக்கு மேல். விஜயநகரக் காலத்தில் தொடங்கி, பின்வந்த ஒவ்வொருவரும் ஒரு மதிலைச் சேர்த்துக் கட்டினர். ஏறும் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் வருகின்றன. கோயில், பள்ளிவாசல், தானியக் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு எல்லாம் மலைமேலேயே உண்டு.

18ஆம் நூற்றாண்டில் இரண்டு கோட்டைகளும் மைசூர் அரசின் கையில் இருந்தன. 1768இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நாமக்கல்லைப் பிடித்தது. சில மாதங்களிலேயே ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். 1792இல் திப்பு சுல்தான் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இந்தப் பகுதி முழுவதும் கம்பெனியார் கைக்குப் போயிற்று. 1805ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் இந்தக் கோட்டைகளுக்குப் போர்க்களத்தில் வேலையே இல்லாமல் போயிற்று. காவல் போயிற்று, மராமத்தும் போயிற்று.

பாடப் புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். அறிவியல் மாணவன் இங்கேதான் தொடங்க வேண்டும்.

ஒரு குடம் தண்ணீரின் விலை

“கீழே இருந்து எடுத்துட்டு வந்திருப்பாங்க” என்ற விடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 15 கிலோ எடையுள்ள ஒரு குடம் தண்ணீரை 300 மீட்டர் உயரத்திற்குத் தூக்கிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்ககிரியில் ஏற வேண்டிய உயரம் இதற்குக் குறையாது. வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது 15 × 9.8 × 300 = 44,100 ஜூல். ஆனால் குடம் தானாக ஏறாது. 60 கிலோ எடையுள்ள தம் உடலையும் அவர் தூக்கிச் செல்ல வேண்டும். அதற்கு 1,76,400 ஜூல். ஆகச் செய்த வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு. மீதி நான்கு பங்கு தம்மைத் தூக்கவே செலவாகிவிடுகிறது. வெயிலில் ஏறும் அவர் வழியில் குடிக்கும் தண்ணீரையும் கழித்துவிடுங்கள்!

அமைதிக் காலத்தில் இதைச் செய்யலாம், ஆட்கள் இருந்தார்கள். முற்றுகைக் காலத்தில்? பகைவர் மலையடிவாரத்தைச் சூழ்ந்துகொண்டால் குளத்தங்கரையில் அவர்கள்தாம் இருப்பார்கள். தண்ணீருக்குக் கீழே இறங்க வேண்டிய கோட்டை, கோட்டையே அன்று. ஆகையால் மலைமேல் கட்ட நினைத்த எவரும் முதலில் தேடியது கல்லை அல்ல. தண்ணீர் தங்கும் இடத்தைத்தான்.

வானத்திலிருந்து விழும் மழை மட்டுமே தூக்குகூலி இல்லாமல் மலையுச்சிக்கு வந்து சேர்கிறது. அதை அங்கேயே பிடித்து வைத்தால் போதும். நாமக்கல் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோட்டையின் பரப்பு சுமார் ஒன்றரை ஏக்கர், அதாவது ஏறத்தாழ 6,000 சதுர மீட்டர். 6,000ஐ 0.7ஆல் பெருக்குங்கள்: 4,200 கன மீட்டர். லிட்டரில் சொன்னால் 42 லட்சம்! இதில் கால் பங்கைப் பிடித்தாலும் பத்தரை லட்சம் லிட்டர். நாளைக்கு ஆளுக்குப் பத்து லிட்டர் என்று நூறு பேருக்குக் கொடுத்தால் ஆயிரம் நாள் வரும். தூக்கிச் சுமக்கும் கணக்கையும் இந்தக் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எது புத்திசாலித்தனம்?

சுனையின் இரகசியம்

இந்த ஆயிரம் நாள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது; கவனித்தீர்களா? சூரியனை மறந்துவிட்டோம். நம் சமவெளி வெயிலில், திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் ஒன்றரை மீட்டர் ஆழத்திற்குக் குறையாமல் நீர் ஆவியாகிவிடும். பிடிப்பது பாதி வேலைதான், காப்பது மறுபாதி.

இரண்டு தொட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். மற்றது 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம். இரண்டும் கொள்வது 100 கன மீட்டர்தான். ஓராண்டு மழையே இல்லை என்றால், முதல் தொட்டி ஆண்டு முடியுமுன்பே வறண்டுவிடும். இரண்டாவதன் மேற்பரப்பு 20 சதுர மீட்டர் மட்டுமே. அது இழப்பது 30 கன மீட்டர். மீதி 70 கன மீட்டர் அப்படியே நிற்கும். நீர் ஒன்றே, பாத்திரத்தின் வடிவம்தான் வேறு.

மலைச் சுனை இந்த இரண்டாம் வகைப் பாத்திரம். கருங்கல் பாறையில் இயற்கையாகவே வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றில் இறங்குகிறது. பாறையில் உள்ள பெல்ஸ்பார் என்ற கனிமம் நீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது. அது கரைந்து போகப்போக வெடிப்பு ஆழமான குழியாகிறது. குறுகிய வாய், நல்ல ஆழம், பக்கத்தில் நிழல் தரும் பாறைச் சுவர். நீர் கசிந்து ஓடவும் வழியில்லை. அடியில் கெட்டிப் பாறை. கோட்டை கட்டியவர்கள் இயற்கை தொடங்கிய வேலையைத் தொடர்ந்தார்கள். சுனையை ஆழப்படுத்தினார்கள், கரை எழுப்பினார்கள், சுற்றியுள்ள பாறைச் சரிவின் நீர் அதற்குள் இறங்கும்படி வாய்க்கால் வெட்டினார்கள். நாமக்கல் பாறையின் சரிவுகளிலும் சங்ககிரி மலைமேலும் இத்தகைய சுனைகளை நீங்களே காணலாம்.

ஜப்பானில் ஓர் உரைகல்

“நீருக்காகவா கோட்டைகள் விழுந்தன? பீரங்கிக்குத்தானே விழுந்தன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான ஐயம். பீரங்கி இல்லாத காலத்து இரண்டு கோட்டைகளைப் பார்த்தால் விடை தெளிவாகும். அதற்கு ஜப்பான் வரை போக வேண்டும்.

மலைநாடான ஜப்பானிலும் இடைக்காலத்தில் நூற்றுக்கணக்கான மலைக்கோட்டைகள் எழுந்தன. 1333இல் குசுனோகி மசஷிகே என்ற தளபதியின் தரப்பார், காமகூரா அரசின் பெரும்படையை இரண்டு மலைக்கோட்டைகளிலிருந்து எதிர்த்தார்கள். ஒன்று அகசகா, மற்றொன்று சிஹாயா. இந்தப் போரைத் தைஹெய்கி என்ற பழைய ஜப்பானியப் போர்க்கதை விரிவாகச் சொல்கிறது.

அகசகாவுக்குத் தண்ணீர், பின்னால் இருந்த மலையிலிருந்து மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியே வந்தது. முற்றுகையிட்டவர்கள் அதைத் தோண்டிக் கண்டுபிடித்து அறுத்துவிட்டார்கள். மதில் இடியவில்லை; ஆனால் கோட்டை சரணடைந்தது. சிஹாயாவிலோ மலைமேலேயே ஊற்றுகள் இருந்தன. அத்துடன் நூற்றுக்கணக்கான மரத்தொட்டிகள் செய்து வைத்திருந்தார்கள். கூரையிலிருந்து விழும் மழைநீரையும் வீணாக்காமல் பிடித்தார்கள். அடிவாரத்து ஓடைக்குக் காவல் போட்டுக் காத்திருந்த பகைவர்கள் ஏமாந்தார்கள். சிஹாயா விழவில்லை, அதே ஆண்டில் விழுந்தது காமகூரா அரசுதான்.

ஒரே ஆண்டு, ஒரே பகைவர். ஒரு கோட்டை வெளியிலிருந்து வந்த நீரை நம்பியது. மற்றொன்று தன் தலைமேல் விழுந்த நீரை நம்பியது. ஓர் ஆய்வுக்கூடச் சோதனை போல இல்லையா?

நம் நாட்டிலும் சான்று உண்டு. மராட்டியர் வசம் இருந்த செஞ்சியை 1690இல் முற்றுகையிட்ட மொகலாயப் படைக்கு, அதைப் பிடிக்க 1698 வரை ஆயிற்று. அந்த நீண்ட முற்றுகைக்கு அரசியல் காரணங்களும் இருந்தன. ஆனால் ராஜகிரி மலைமேல் சுனையும், கீழ்க்கோட்டைக்குள் குளங்களும் இல்லாதிருந்தால் எட்டு ஆண்டு என்ன, எட்டு மாதம்கூடத் தாங்கியிருக்குமா? 2025இல் செஞ்சிக்கோட்டை, மராட்டியக் கோட்டைகள் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் மதிலோடு குளத்தையும் பார்த்து வரட்டும்.

மதிலை இடிப்பது யார்?

1615இல் ஜப்பானிய அரசு, ஒவ்வோர் ஆட்சிப்பகுதியிலும் ஒரே ஒரு கோட்டைதான் இருக்கலாம் என்று ஆணையிட்டது. எண்ணற்ற கோட்டைகள் கைவிடப்பட்டன. அந்நாட்டு மலைகளில் மரக் கட்டடங்கள் மறைந்து, கல் அடித்தளம் மட்டும் நிற்கும் பல இடிபாடுகளை இன்றும் காணலாம். மண்சரிவை அணைத்துக் கட்டிய அந்தக் கற்சுவர்களின் முதுகுப் பக்கத்தில் சிறு கற்களை நிறைத்து வைத்திருக்கிறார்கள். எதற்காக? மண்ணில் இறங்கும் மழைநீர் சுவரைத் தள்ளாமல், கற்களின் இடைவெளி வழியே வடிந்து போவதற்காக.

இந்தப் பாடம் நம் கோட்டைகளுக்கும் பொருந்தும். இன்று எந்தப் பகைவனும் மதிலை இடிப்பதில்லை. தேங்கிய நீர்தான் இடிக்கிறது. வாய்க்கால் தூர்ந்துபோனால் சுனைக்குப் போக வேண்டிய நீர் மதிலின் பின்னால் தேங்குகிறது. ஊறிய மண் கனக்கிறது. சுவரை வெளிப்புறம் தள்ளுகிறது. ஈரமான இடுக்கில் பறவை எச்சத்தோடு ஓர் அரச விதை விழுகிறது. வேர் பருக்கப் பருக்க, மலைபோன்ற கல்லும் விரலளவு விரலளவாக நகர்கிறது. ஆகச் சுனைக்குப் போகும் வழியைத் திறந்து வைப்பதுதான் மதிலைக் காக்கும் முதல் வேலை.

ஆனால் பழைய கட்டடத்தைச் சீர்செய்கிறோம் என்று புறப்படும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிமெண்டும் வண்ணமும் மின்விளக்கும்தான். இது எனக்கு உடன்பாடன்று. சுண்ணாம்புக் காரை சுவாசிக்கும். உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். கெட்டியான சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். நோய் உள்ளே இருக்க, முகத்துக்குப் பவுடர் போட்டு என்ன பயன்?

ஆயிரம் அடி மேலே, ஆயிரம் அடி கீழே

“போர் இல்லாத காலத்தில் இடிந்த கோட்டை எதற்கு? அந்தப் பணத்தில் ஊருக்குக் குடிநீர் கொடுக்கலாமே” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் அக்கறை இருக்கிறது; அதை நான் மதிக்கிறேன். ஆனால் குடிநீரைப் பற்றியே இந்த இடிபாடுகள் நமக்கு ஒரு செய்தி சொல்கின்றன.

சங்ககிரி மலைமேல் நின்று தெற்கே பாருங்கள். அதிக தூரமில்லை, திருச்செங்கோடு. நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. உழைப்பாலும் தொழில்திறமையாலும் அந்த ஊரார் பெற்ற பெயர். நாம் பெருமைப்பட வேண்டியதே. ஆனால் அந்த வண்டிகள் இன்று ஆயிரம் அடி துளைத்தும் சில இடங்களில் புழுதிதான் மேலே வருகிறது. அதே வட்டாரத்தில், சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேலே, மின்சாரமும் மோட்டாரும் இல்லாத காலத்தில், ஒரு கூட்டம் மழைநீரை நம்பி வாழ்ந்திருக்கிறது. நாம் ஆயிரம் அடி கீழே தேடுவதை அவர்கள் ஆயிரம் அடி மேலே பிடித்து வைத்தார்கள்.

பழையவர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சில நூறு பேர். நாம் பல லட்சம் பேர். கோட்டைச் சுனை ஒரு நகரத்திற்குப் போதாது. ஆனால் அவர்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது: விழும் மழை எவ்வளவு, தங்கும் நீர் எவ்வளவு, செலவிடத் தகுந்தது எவ்வளவு என்ற கணக்கு. கணக்குத் தவறினால் உயிர் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் அதே நிலைதான், தெரியவில்லை, அவ்வளவே. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் பள்ளிக் கூரையின் பரப்பு 500 சதுர மீட்டர் என்றால் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் லிட்டர் அதன்மேல் விழுகிறது. அது எங்கே போகிறது? நாளையே குழாயைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பல இடங்களில் குழாய் இருக்கும், குழி தூர்ந்திருக்கும். கைவிடப்பட்ட சுனைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

நீங்கள் செய்யக்கூடியவை

மாணவ நண்பர்களே, அடுத்த முறை கோட்டைக்குச் சுற்றுலா போகும்போது வரலாற்று ஆசிரியரோடு இயற்பியல் ஆசிரியரையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு நோட்டு, ஓர் அளவுநாடா, கல் கட்டிய ஒரு நூல் போதும். பாறைச் சரிவு எந்தப் பக்கம் சாய்கிறது, மழைநீர் எந்த வழியே ஓடும், எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று ஒரு படம் வரையுங்கள். ஆசிரியர் துணையோடு, கரையில் பாதுகாப்பாக நின்று சுனையின் நீள அகலத்தை அளங்கள். நீரில் இறங்க வேண்டாம். பாசி வழுக்கும், ஆழம் ஏமாற்றும். மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் நோட்டே ஓர் ஆவணமாகிவிடும்.

அடைபட்ட வாய்க்காலை நீங்களே தோண்டிவிடாதீர்கள். நாமக்கல், சங்ககிரிக் கோட்டைகள் இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. உங்கள் படத்தோடு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விளக்கும் வண்ணமும் பிறகு வரட்டும், முதலில் நீர்வழியைத் திறந்துவிடுங்கள் என்று கேளுங்கள். கோட்டை வாயிலில் வைக்கும் பலகையில் அரசர் பெயர்களோடு, இந்தச் சுனை இவ்வளவு நீர் கொள்ளும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மதிலில் பெயரைக் கீறுவதும், சுனையில் பிளாஸ்டிக் பையை எறிவதும் வெறும் குப்பை போடும் பழக்கமல்ல. எழுதி வைத்த சான்றைக் கிழிப்பது. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் தண்டனைக்கு அஞ்சி விலக வேண்டாம். அந்தச் சுனையில் ஒரு பை அடைத்துக்கொண்டால், சில மழைக்காலங்களுக்குப் பின் அதற்கு மேலே ஒரு கல் அசையும் என்பதைத் தெரிந்துகொண்டு விலகுங்கள்.

அன்று கேள்வி கேட்ட மாணவிக்கு நான் மலையிலேயே விடை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இறங்கிவிட்டேன். இந்தக் கட்டுரைதான் அவளுக்கு என் விடை. நீங்களும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். மேலே போனதும் மதிலோரம் நின்று ஊரைப் பார்க்குமுன், “தண்ணீர் எங்கே?” என்று தேடுங்கள். கோட்டை கட்டியவர்களும் அதைத்தான் முதலில் தேடினார்கள்.